மர நிழலுக்கு ஒரு காட்டுச் செடி: டர்பன் தோட்டத்தில் பிளெக்ட்ராந்தஸ் வளர்ப்பது

எங்கள் வீட்டு லிச்சி மரத்தடியில் இரண்டு முறை புல் பத்தைகள் வாங்கிப் பதித்தேன். இரண்டு முறையும் ஒரே கோடைக்குள் மஞ்சளடித்து, வேர் அழுகி, கையால் இழுத்தால் பழைய பாய்போலச் சுருண்டு வந்தது. கீழே வெறும் செம்மண். மழை பெய்தால் அந்த மண்ணும் கரைந்து வாசல்வரை ஓடும். மூன்றாவது முறை வாங்கக் கிளம்பியபோதுதான் பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு மேலே ஒரு கொத்துத் தண்டை நீட்டினார். "புல்லுக்குக் காசு கொடுக்காத கண்ணு. இத ஒடிச்சு நட்டு வை, அது பாட்டுக்குப் புடிச்சுக்கும்" என்றார்.

இலையின் மேல்பக்கம் கரும்பச்சை. திருப்பினால் கத்தரிக்காய் நிறம். இலை விளிம்பில் பூனை மீசைபோல மெல்லிய ஊதா மயிர்கள். தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தேன், உருளவில்லை. துளசித் தண்டுபோல நான்கு பட்டையாக இருந்தது.

துளசிக் குடும்பம்தான் இது. பெயர் பிளெக்ட்ராந்தஸ். பூவின் அடியில் சேவல் காலின் முள்போல ஒரு புடைப்பு இருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயர் வந்தது. நமக்கு இன்னும் நெருங்கிய உறவும் உண்டு. சளிக்கும் இருமலுக்கும் நாம் பிழிந்து கொடுக்கும் கற்பூரவல்லியையும் தாவரவியலாளர்கள் நெடுங்காலம் பிளெக்ட்ராந்தஸ் என்றுதான் அழைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புதான் அதைக் கோலியஸ் என்ற பக்கத்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தக் கற்பூரவல்லி காட்டுச் செடியாகத் தானே வளரும் இடங்களில், டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்க மாகாணமான குவாசுலு-நட்டாலின் வடபகுதியும் ஒன்று என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்த செடி என்று நினைத்திருந்தேன், அதற்கு இங்கேயும் ஊர் இருக்கிறது.

இந்தக் கட்டுரை, டர்பனுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் புதிதாக வந்து, பெரிய மரங்கள் உள்ள வீட்டில் குடியேறி, "இந்த நிழலில் எதுவும் வரமாட்டேன் என்கிறதே" என்று நிற்பவர்களுக்கு. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் இங்கே வந்ததும் மா, லிச்சி, அவகாடோ என்று நட்டார்கள். அந்த மரங்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. முற்றம் முழுக்க நிழல் விழுந்தாகிவிட்டது. அந்த மரங்களை வெட்ட எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கும் வராது. மரத்தை விட்டுவிட்டு, தரையில் என்ன வளரும் என்று யோசிப்பதே சரி.

முதலில் நிழலைப் பாருங்கள்

செடி வாங்கும் முன் ஒரு நாள் முழுக்கத் தோட்டத்தைக் கவனியுங்கள். காலை எட்டு மணி, மதியம், மாலை மூன்று மணி என மூன்று தடவை வெளியே வந்து, வெயில் எங்கே விழுகிறது என்று கல்லோ குச்சியோ வைத்துக் குறியுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் ஒன்றை மனதில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வரும். டர்பன் தெற்கு அட்சரேகை 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. ஜூன் மாதத்து உச்சிவேளையில்கூட வடவானில் ஏறத்தாழ 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் வீட்டின் தெற்குச் சுவரோரம் குளிர்காலம் முழுக்க வெயிலே படாது. டிசம்பரில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல் வந்துவிடும், அதே சுவரோரத்தில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கோடையில் பார்த்துவிட்டு "இங்கே அரைநிழல்" என்று முடிவு செய்தால் ஜூனில் ஏமாந்து போவீர்கள்.

அடுத்தது, நிழல் ஈரமானதா காய்ந்ததா என்று பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மழை பெய்து மூன்று நாள் கழித்து, மரத்தடியில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். குளுமையாக, மண் விரலில் ஒட்டினால் ஈர நிழல். தூள் தூளாக உதிர்ந்தால் காய்ந்த நிழல். மாமரத்தின் அடி பெரும்பாலும் காய்ந்த நிழல்தான். மேலே இலை மழையைத் தடுக்கிறது, கீழே வேர் மிச்சத்தைக் குடித்துவிடுகிறது. சுவரோரம், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், சரிவின் அடிவாரம் இவை ஈர நிழல்.

எந்த வகையை வைப்பது

ஈர நிழலுக்கு ஆயா கொடுத்தாரே, அந்த ஊதா அடி இலைச் செடி. தாவரவியல் பெயர் பிளெக்ட்ராந்தஸ் சிலியாட்டஸ். தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பக்கக் காடுகளில் ஓடைக்கரையிலும் மரத்தடியிலும் படர்வது. முழங்கால் உயரத்துக்குக் கீழேயே நின்று, தண்டு தரையைத் தொடும் இடமெல்லாம் வேர் விட்டுக்கொண்டே நகரும். கோடைக் கடைசியில் தொடங்கி இலையுதிர் காலம்வரை வெள்ளைப் பூ, அதில் ஊதாப் புள்ளிகள்.

காய்ந்த நிழலுக்கு பிளெக்ட்ராந்தஸ் வெர்டிசில்லேட்டஸ். இலை சின்னது, கொஞ்சம் தடித்தது, மெழுகு தடவியதுபோல மினுங்கும். தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைப்பதால் வறட்சியைத் தாங்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைத் தொட்டியில் தொங்கவிட்டு "ஸ்வீடிஷ் ஐவி" என்பார்கள். வெள்ளை மாளிகையில் அதிபரின் அலுவலக அறைக் கணப்பு மேடையில் பல பத்தாண்டுகளாக இருந்த செடி இதுதான். ஸ்வீடனும் இல்லை, ஐவியும் இல்லை. நம் பக்கத்துக் காட்டுச் செடி.

பின்னணிக்கு உயரமாக ஒன்று வேண்டுமென்றால் பிளெக்ட்ராந்தஸ் எக்லோனி. இரண்டு மீட்டர்வரை வளரும். இளஞ்சிவப்பு, வெள்ளை, ஊதா என மூன்று நிறங்களில் கிடைக்கிறது. ஊதா வகைக்கு "மெட்லி வுட்" என்று பெயர். ஜான் மெட்லி வுட் 1882 முதல் டர்பன் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்தவர். நாம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போகும் அதே பூங்கா.

கடைகளில் "மோனா லாவெண்டர்" என்று பளிச்சென்ற ஊதாப் பூவோடு ஒன்று வைத்திருப்பார்கள். கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் 1990களின் கடைசியில் இரண்டு காட்டு இனங்களைக் கலந்து உருவாக்கிய செடி. அழகு. ஆனால் அது குத்தாக நிற்கும், தரையை மூடாது. தொட்டிக்கு வாங்குங்கள், மரத்தடிக்கு வேண்டாம்.

என் வீட்டில் முதல் வருடம் சிலியாட்டஸை எல்லா இடத்திலும் வைத்தேன். தெற்குச் சுவரோரம் கொழித்தது. லிச்சிக்கு நேர் கீழே ஆகஸ்டுக்குள் பாதி போய்விட்டது. மறுவருடம் அங்கே வெர்டிசில்லேட்டஸை மாற்றிய பிறகுதான் தரை மூடியது. இரண்டு வகையையும் வாங்கி, அது அதற்கு உரிய இடத்தில் வையுங்கள்.

களை எடுப்பது

நிழலான முற்றத்தில் ஏற்கனவே ஏதாவது படர்ந்திருக்கும். அது என்னவென்று பார்க்காமல் மேலே நடாதீர்கள். டர்பனில் மூன்றை அடிக்கடி பார்ப்பீர்கள். ஒன்று, சின்ன வெள்ளைப் பூவும் சாறுள்ள தண்டுமாகப் படரும் டிராடஸ்கேன்ஷியா. இரண்டு, அதன் தங்கை, இலையில் வெள்ளிக் கோடு போட்டது. பல வீடுகளில் அழகுக்கு என்று வளர்க்கிறார்கள். மூன்று, மஞ்சள் பூப் பூக்கும் சிங்கப்பூர் டெய்சி. மூன்றும் வெளியூரிலிருந்து வந்து இங்குள்ள காடுகளில் புகுந்து அடித்தரையை மூச்சுமுட்ட வைப்பவை. தென்னாப்பிரிக்காவின் 2004 பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் உள்ள விதிகள்படி, இந்த மாகாணத்தில் இவற்றை வளர்க்கவோ விற்கவோ கொடுக்கவோ கூடாது. உங்கள் நிலத்தில் இருந்தால் கட்டுப்படுத்துவது உங்கள் பொறுப்பு.

டிராடஸ்கேன்ஷியாவை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் தண்டு துண்டு துண்டாகும், ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாகும். ஒரு ஓரத்தில் முள்வாரியை (ரேக்) விட்டுத் தூக்கி, கம்பளம் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டே போங்கள். சுருட்டியதைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, வெயிலில் பல வாரம் போட்டு வேகவிடுங்கள். உரக்குழியில் மட்டும் போடாதீர்கள். பிறகு ஒரு மாதம் பொறுங்கள். விட்டுப்போன துண்டுகள் தளிர்க்கும், அதையும் எடுத்துவிட்டு அப்புறம் நடுங்கள். இந்த ஒரு மாதப் பொறுமை இல்லாமல் நட்டவர்கள் ஒரு வருடம் முழுக்கக் களை பிடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

மண்

ஊரில் பாத்தி கட்டுவதுபோல மரத்தடியில் மண்வெட்டியை இறக்காதீர்கள். மரம் உணவெடுக்கும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. கொத்தினால் மரத்துக்குக் காயம், உங்களுக்கும் வீண் உழைப்பு. மரத்தின் இலைச்சருகைக் குப்பையில் கொட்டாமல் அங்கேயே விடுங்கள். காடு அப்படித்தான் தன் மண்ணைச் செய்துகொள்கிறது. மா இலை தடிமனாக இருப்பதால் மக்கச் சுணங்கும், அதைக் காலால் மிதித்து நொறுக்கி விடலாம். சருகுக்கு மேல் நன்றாக மக்கிய கம்போஸ்ட் ஐந்து சென்டிமீட்டர் போதும். அடிமரத்தை ஒட்டி மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு எதையும் போடாதீர்கள், பட்டை அழுகிவிடும்.

டர்பனின் சிவந்த மணல்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், அங்கே கம்போஸ்டைக் கொஞ்சம் கூட்டலாம். களிமண் என்றால் செடி வைக்கும் குழியில் மட்டும் கொஞ்சம் கரடுமுரடான மணல் கலந்தால் சரி. ரசாயன உரம் தேவையில்லை. போட்டால் தண்டு நீண்டு, இலை பெருத்து, பூ குறையும்.

எப்போது நடுவது

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் ஊர் மழைக்குச் சொன்னது. இங்கே ஆடி மாதம் குளிரும் வறட்சியுமான காலம். டர்பனில் மழை வசந்தத்தில் தொடங்கி டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் உச்சத்துக்குப் போகும். அதனால் இங்கே பட்டம் புரட்டாசி. வீட்டில் கவிச்சியை நிறுத்திவிட்டு விரதம் பிடிக்கும் அந்த மாதம், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, மண் சூடாகத் தொடங்கியிருக்கும். முதல் மழைகளும் வரும். புரட்டாசிச் சனிக்கிழமை பூஜை முடிந்து மாலையில் நடுவது எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது.

தண்டு வெட்டி வேர் பிடிக்க வைப்பது

இந்தச் செடியில் எனக்கு மிகப் பிடித்த வேலை இது. நர்சரியில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றோ இரண்டோ தொட்டி வாங்கினால் போதும், மிச்சத்தை நீங்களே செய்துகொள்ளலாம். செடியைத் தெரிந்தவர்களிடமோ இந்நாட்டுச் செடிகள் விற்கும் நர்சரியிலோ வாங்குங்கள். இயற்கைக் காப்பகங்களுக்குள் போய் ஒடிக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், காட்டுக்கும் நஷ்டம்.

காலையில், செடியில் ஈரம் இருக்கும்போது வெட்டுங்கள். பூ வராத நுனித்தண்டாகத் தேர்ந்தெடுத்து, ஒரு விரல் நீளம், அதாவது எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் எடுங்கள். இலைகள் எதிரெதிராக முளைக்கும் இடம்தான் கணு. கணுவுக்குக் கீழே கூர்மையான கத்தியால் நேராக ஒரே வெட்டு. கசங்கினால் அழுகும். கீழ்க்கணுவின் இரண்டு இலைகளையும் கிள்ளிவிடுங்கள், மேலே நான்கு இலை இருந்தால் போதும். இலை பெரிதாக இருந்தால் பாதியாகக் கத்தரித்துவிடலாம், தண்ணீர் ஆவியாவது குறையும். நுனியில் பூ மொட்டு இருந்தால் தயங்காமல் கிள்ளுங்கள்.

முதல் தடவை செய்பவர்கள் கண்ணாடி டம்ளரில் வைத்துப் பாருங்கள். அடிக்கணு மட்டும் தண்ணீரில் முங்கட்டும், இலை முங்கக் கூடாது. வெயில் நேராகப் படாத சமையலறை ஜன்னல் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். முதலில் கணுவில் வெள்ளைக் கடுகுபோல நான்கைந்து புள்ளிகள் தெரியும். மறுநாளோ அதற்கு மறுநாளோ அவை நூலாக நீளும். வெயில் காலத்தில் பத்து, பன்னிரண்டு நாளில் வேர் இரண்டு சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்போதே மண்ணுக்கு மாற்றுங்கள். தண்ணீரிலேயே நீளமாக வளரவிட்டால் அந்த வேர் மண்ணுக்குப் பழகத் தடுமாறும்.

அடுத்த தடவை நேராக மண்ணிலேயே ஊன்றலாம். கரடுமுரடான மணலும் கம்போஸ்டும் சரிபாதி கலந்து, சின்னத் தொட்டியில் பென்சிலால் துளை போட்டு, இரண்டு கணு உள்ளே போகும்படி ஊன்றி, விரலால் அழுத்துங்கள். வேர் வரவழைக்கும் பொடி எதுவும் தேவையில்லை. மூன்று வாரம் கழித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் வேர் வந்தாயிற்று.

தரையில் வைப்பது

செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் விடுங்கள். ஒரு சதுர மீட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு செடி வரும். வரிசையாக இல்லாமல் முக்கோணமாக மாற்றி மாற்றி வைத்தால் சீக்கிரம் மூடும். மரவேர் குறுக்கிட்டால் வேரை வெட்டாமல் செடியைத் தள்ளி வையுங்கள். கைக் கரண்டி கொள்ளும் அளவு குழி போதும். நட்டதும் தண்டைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கணுமேல் கைப்பிடி மண் போட்டுவிட்டால் அங்கேயும் வேர் விடும்.

முதல் ஆறு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை வராத நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர். பிறகு கோடை மழையே பார்த்துக்கொள்ளும். சிலியாட்டஸ் மதிய வெக்கையில் துவண்டு தொங்கினால் உடனே குழாயைத் திறக்காதீர்கள். சூரியன் இறங்கியதும் தானே நிமிர்ந்தால் தண்ணீர் போதுமானது. காலையிலும் துவண்டிருந்தால்தான் தாகம். நான் பார்த்தவரை இந்தச் செடி தாகத்தில் சாவதைவிட அதிகத் தண்ணீரில் வேர் அழுகிச் சாவதே அதிகம். மே முதல் ஆகஸ்டுவரை வறட்சியில் வாரம் ஒருமுறை நன்றாக ஊற்றினால் போதும்.

ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளின இடத்தில் இரண்டு கிளை வரும். தை வரைக்கும் இரண்டு, மூன்று தடவை கிள்ளிவிட்டு நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் பூ வராது. புரட்டாசியில் வைத்தது பங்குனியில் பூத்து நிற்கும்.

குரங்கு, நத்தை, புழு

புதிதாக நட்ட தண்டுகளை முதலில் பிடுங்கிப் பார்ப்பது குரங்குகள்தான். தின்பதற்கில்லை, என்னவென்று பார்ப்பதற்கு. முதல் மூன்று வாரம் கோழி வலையைத் தரையோடு விரித்துக் கல் வைத்து அழுத்திவிடுங்கள், செடி அதன் வழியாகவே மேலே வரும். நத்தைகளை இரவில் டார்ச் அடித்துக் கையால் பொறுக்குவதுதான் நான் செய்வது. நத்தை விஷம் வைத்தால் அதைத் தின்ற நத்தையைப் பறவை தின்னும், பக்கத்து வீட்டு நாயும் மோந்து பார்க்கும்.

இலையில் ஓட்டை விழுந்து, முள்முள்ளாகப் புழு இருந்தால் அதை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கார்டன் கமோடோர் என்ற பட்டாம்பூச்சி இந்தச் செடிக் கூட்டத்தில்தான் முட்டையிடும். செடி இரண்டு வாரத்தில் மறுபடி தளிர்க்கும். மருந்தடித்தால் பூவுக்கு வரும் தேனீக்களும் போகும்.

இலை வாசனையாக இருக்கிறதே என்று கற்பூரவல்லிபோல வாயில் போடாதீர்கள், கஷாயமும் வைக்காதீர்கள். உறவு வேறு, மருந்து வேறு. மருந்துக்குக் கற்பூரவல்லியைத் தனியாக, நல்ல வெயில் படும் தொட்டியில் வளருங்கள்.

சரிவும் உறைபனியும்

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த பேய்மழையில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு, சரிவில் வீடுள்ளவர்கள் மண்ணைப் பிடிக்கச் செடி கேட்கிறார்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன்: பிளெக்ட்ராந்தஸின் வேர் ஆழமில்லை. மழைத்துளி நேராக மண்ணில் அறைவதையும், மேல்மண் வழிந்து ஓடுவதையும் அது தடுக்கும். சரிந்து விழும் மேட்டைத் தாங்கிப் பிடிக்காது. மேடு விரிசல் விட்டிருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள், தடுப்புச் சுவருக்குப் பிறகு செடியைப் பார்க்கலாம்.

உள்நாட்டில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள லெனேஷியா பக்கம் இருப்பவர்களுக்கு உறைபனிதான் கவலை. ஒரே இரவில் இலை கறுத்துக் கூழாகிவிடும். இலை உதிர்க்காத மரத்தின் அடியிலோ வடக்குப் பார்த்த சுவரையொட்டிய நிழலிலோ வைத்தால் தப்பும். கறுத்த இலைகளை உடனே வெட்டாதீர்கள், கீழே இருக்கும் தண்டுக்கு அதுதான் போர்வை. ஆகஸ்ட் கடைசியில் குளிர் விட்டபின் வெட்டினால் அடியிலிருந்து தளிர்க்கும். ஜாக்கிரதைக்கு மே மாதத்திலேயே நாலு தண்டை டம்ளரில் போட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களும் ஆகஸ்டு கடைசியில் செடியைப் பாதி உயரத்துக்கு வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் நடுவில் கட்டைத்தண்டு தெரிய ஆரம்பிக்கும். மூன்றாவது வருடம் அந்த நடுப்பகுதி எப்படியும் வழுக்கையாகும். அப்போது பழைய கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, அதே செடியின் நுனித்தண்டுகளை அங்கேயே ஊன்றுங்கள். வெட்டியதில் மிஞ்சியவற்றை நான் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு கேட்டுக்கு வெளியே வைத்துவிடுவேன். சாயங்காலத்துக்குள் வாளி காலியாகிவிடும்.